மூப்பர் வீட்டுத் தண்ணீர்

வேதக்கண்ணம்மாளுக்கு இந்த அநியாயம் செத்த பிறகு நடந்தது. உயிரோடு இருந்தபோது நடந்தவற்றைச் சொல்ல இந்தக் கதை போதாது.

எழுபத்தொன்பது வயதில், சித்திரை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். பெட்டியில் வைத்துப் பாட்டுப் பாடிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. மூன்று மணி நேரம் பெட்டி ரோட்டில், வெயிலில் இருந்தது. இனி உடல் தாங்காது என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். கீழத்தெருக்காரர்களை எப்போதும் புதைக்கிற ஓடைக்கரையிலேயே அவளையும் புதைத்தார்கள்.

பூட்டியவர் மாசிலாமணி மூப்பர். சபை மூப்பர்களில் மூத்தவர். மேலத்தெருக்காரர். தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது.

தோட்டம் சபை முழுவதற்கும் பொது என்று கோயில் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் நடுவில் எப்போதும் ஒரு பூட்டு தொங்கும். வேதக்கண்ணம்மாள் அந்தக் கோயில் பாட்டுக்குழுவில் நாற்பது வருஷம் பாடியவள். சாகும்முன் அவள் கேட்டது ஒன்றுதான். என்னை உள்ளே வையுங்கள், வெளியே இருந்தது போதும்.

அவள் மகள் ஞானவடிவு. ஐம்பத்திரண்டு வயது. அங்கன்வாடி வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு மேற்கே ஓடையோரம் இருந்த ஒரு சின்ன ஆசிரமத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கே மொத்தம் ஐந்து பேர். ஒரு கிணறு, கொஞ்சம் கடலைக் காடு, ஒரு ஜெப அறை. நடத்தியவள் சுகிர்தா. முப்பத்தாறு வயதுதான். ஆனால் அந்த இடத்தில் வழிகாட்டுகிறவரை அக்கா என்றுதான் அழைக்க வேண்டும். பதினாறு வயது இளையவளை அக்கா என்று சொல்ல ஞானவடிவுக்கு முதல் மாதம் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

அம்மாவைப் புதைத்த மறுவாரமே ஞானவடிவு கோட்டாட்சியருக்கு மனு எழுதினாள். தோட்டத்துக் கதவைத் திறக்க வேண்டும். அம்மாவை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்குள் நடந்தாக வேண்டும் என்பது மட்டும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடைக்கரை மண் எப்படிப்பட்டது என்று கீழத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெருமழை பெய்த வருஷங்களில் யார் யாருடைய எலும்போ வயலில் வந்து கிடந்திருக்கிறது.

போதகர் ஆசிரமத்துக்கு வந்து பேசினார். சபைக் காரியத்தைச் சபைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்றார். எப்பவும் ஒரே தெரு தாங்கிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு அன்பு இல்ல ஐயா, சுமை என்றாள் ஞானவடிவு. அவர் ஜெபித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் போன பிறகு அவளால் உட்கார முடியவில்லை. சத்துருவை நேசி என்ற வசனத்துக்காகத்தான் அவள் வேலையை விட்டு இங்கே வந்தவள். மூன்று வருஷம் அந்த வசனம் சுலபமாக இருந்தது. சத்துரு என்று யாரும் இல்லாத வரைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஜெபக்கூட்டம். மேலத்தெருக்காரர்கள் வலப்பக்கம் உட்காருவார்கள், கீழத்தெருக்காரர்கள் இடப்பக்கம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. ஞானவடிவு எழுந்து நின்று, மாசிலாமணி மூப்பரின் பெயரைச் சொல்லி, உரத்த குரலில் ஜெபித்தாள். ஆண்டவரே, அவருடைய கல்லான இருதயத்தை மாற்றும், செத்தவர்களுக்கு எதிராகக் கதவைப் பூட்டிய கைகளை மன்னியும் என்றாள். இடப்பக்கத்திலிருந்து ஆமென் பெரிதாக வந்தது. உடனே வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்தார். கர்த்தருடைய வீட்டுச் சங்கதியை அதிகாரிகளிடம் கொண்டுபோகிறவர்களுக்கு நல்ல புத்தி தாரும் என்று ஆரம்பித்தார். அதற்கு வலப்பக்கத்து ஆமென். மூன்றாவது ஆள் எழுவதற்குள் போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் காலை ஞானவடிவு நடந்ததைச் சொன்னாள். சுகிர்தா முற்றத்தில் உட்கார்ந்து சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அழுத்தி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்துருவுக்காக ஜெபம் பண்ணணும்னு இருக்கு. பண்ணிட்டேன், அக்கா."

சுகிர்தா டியூபை வைத்துவிட்டு எழுந்தாள். கடலை பறித்துக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டாள். அவர்கள் வந்து நின்றதும் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினாள்.

"ஆண்டவரே, ஞானவடிவை உம்முடைய சமூகத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவளுடைய நாக்கை அடக்கும். அவளுடைய பெருமையை நொறுக்கும். அவளுக்கு ஒரு நல்ல மனசைத் தாரும்."

மற்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் ஆமென் என்றார்கள். ஞானவடிவின் முகம் கறுத்துவிட்டது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள் சுகிர்தா.

"நாலு பேரு முன்னால அறைஞ்ச மாதிரி இருந்தது."

"எனக்கு நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு சுகிர்தா மறுபடி உட்கார்ந்து டியூபை எடுத்தாள்.

ஞானவடிவு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்தாள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

ஜெபம் பண்ணினால் தப்பு என்கிறீர்கள், மனு போட்டால் போதகர் தப்பு என்கிறார், அப்படியானால் நேசிக்கிறது எப்படி, நான் போய் அவர் வீட்டுக்கு ஏதாவது வேலை செய்து கொடுக்கட்டுமா என்று கேட்டாள். பகைவனுக்கு உதவி செய்து அவனை வெட்கப்பட வைத்த பரிசுத்தவான்கள் கதையெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதைகளை எழுதினவர்கள் கீழத்தெருவில் பிறந்தவர்கள் இல்லை.

"அவரு வீட்டு முற்றத்த எங்க அம்மை இருபது வருஷம் கூட்டுனா. மாடு செத்தா எங்க அப்பா போய்த் தூக்கணும். அதெல்லாம் அன்புன்னா, உலகத்துலயே அதிகமா அன்பு செஞ்ச ஜனம் நாங்கதான். இன்னும் கொஞ்சம் செய்யவா?"

"வேண்டாம். கூட்டாதீங்க."

"அப்போ?"

"போய்த் தண்ணி கேளுங்க."

ஞானவடிவுக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஊருக்குப் போவீங்கல்ல. போற வழிதான். மூப்பர் வீட்டு முன்வாசல்ல நின்னு, தாகமா இருக்கு, தண்ணி வேணும்னு கேளுங்க. அவரு குடிக்கிற டம்ளர்ல."

"ஆண்டவர் சமாரியப் பொம்பளகிட்டத் தண்ணி கேட்டாரு, சரி. அது கிணத்தடி. கேட்டவரும் ஆண்டவரு. இங்க கேக்கப்போறது வேதக்கண்ணு மக."

"அதனாலதான் உங்கள அனுப்புறேன். நான் கேட்டா உடனே குடுத்துருவாரு."

அது உண்மை. சுகிர்தா எந்த ஊர், எந்தத் தெரு என்று மேலத்தெருக்காரர்களுக்குத் தெரியாது. ஒருமுறை விசாரித்துப் பார்த்துவிட்டுப் பதில் கிடைக்காததால் மரியாதையாகவே நடத்திவந்தார்கள்.

"மனு?" என்றாள் ஞானவடிவு.

"மனு பாட்டுக்கு நடக்கட்டும்."

முதல் வெள்ளிக்கிழமை அவள் போனாள். மூப்பர் வீட்டு வெளிக்கதவைத் தள்ளித் திறந்தாள். சிறு வயதில் அம்மாவோடு வந்தபோதெல்லாம் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வந்திருக்கிறாள். முன்பக்கத்திலிருந்து அந்த வீடு வேறு வீடு மாதிரி தெரிந்தது. மூப்பரின் மருமகள் வந்தாள். மாமா இல்லை, தூத்துக்குடி போயிருக்கிறார் என்றாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அவர் இருமல் ஊருக்கே தெரிந்த இருமல். மருமகள் முகத்தை அசைக்காமல் நின்றாள். ஞானவடிவு தண்ணீர் கேட்டாள். மோட்டார் ஓடலை என்று பதில் வந்தது.

திரும்பி வந்து சொன்னபோது சுகிர்தா ஒன்றுதான் கேட்டாள். குடித்தீர்களா? இல்லை என்றாள். அப்படியானால் தாகம் தீரவில்லையே என்றாள் சுகிர்தா.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மருமகள் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். புதுக் கப். பாக்கெட்டைப் பிரித்து எடுத்த கப். அந்தக் காலத்தில் கீழத்தெருக்காரர்களுக்கென்று தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்தார்கள். இப்போது கடையில் நூறு கப் கட்டாகக் கிடைக்கிறது, கழுவி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஞானவடிவு கப்பைப் பார்த்தாள்.

"இது வேண்டாம். நீங்க குடிக்கிற டம்ளர்ல குடுங்க."

மருமகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி குடுக்கறதே பெருசு. இதுல பாத்திரம் வேற பாத்துக் குடுக்கணுமோ?"

"ஆமா" என்றாள் ஞானவடிவு. சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கப்பைத் தொடாமல் வந்துவிட்டாள்.

ஆசிரமத்துக்கு வரும்போது கொதித்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்க வாதங்களை அடுக்கிக்கொண்டே நடந்தவள், வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். இதுக்குப் பேரு அன்பா அக்கா, இது சண்டை, நீங்க என்னைச் சண்டைக்குத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க என்றாள்.

"சண்டைய விடச் சொல்லி நான் எப்போ சொன்னேன்?" என்றாள் சுகிர்தா.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. மேலத்தெருவில், வேதக்கண்ணு மகள் சமாதானம் பேசக் காலில் விழ வருகிறாள், மூப்பர் பிடி கொடுக்காமல் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கீழத்தெருவில் அதைவிட மோசமாகப் பேசினார்கள். டீக்கடையில் அவள் காதுபடவே, மூப்பர் வீட்டுத் தண்ணி இனிக்குதோ என்று ஒருவன் கேட்டான். அவளுடைய தம்பி யோபு ஆசிரமத்துக்கே வந்துவிட்டான். சுகிர்தாவைப் பார்த்துப் பேச மரியாதை இடம் கொடுக்காததால் கிணற்றைப் பார்த்துப் பேசினான். எங்க அம்மை ஓடைக்கரையில கெடக்கா, இவ அந்த வீட்டு வாசல்ல போய்க் கையேந்திக்கிட்டு நிக்கா, நாங்க தெருவுல தல நிமிந்து நடக்கவா வேண்டாமா என்றான்.

"கையேந்தல. கேக்கேன்" என்றாள் ஞானவடிவு.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஞானவடிவு திரும்பிச் சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தாவும் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கதவே திறக்கவில்லை. ஜன்னல் திரைச்சீலை மட்டும் அசைந்தது. நான்காவது வெள்ளிக்கிழமை மேலத்தெருப் பையன்கள் மூன்று பேர் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து செல்போனில் அவளைப் படம் எடுத்தார்கள். அவள் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. வருகிற சனிக்கிழமை கோட்டாட்சியரே நேரில் வருகிறார், தோட்டத்துக் கதவு முன்னாலேயே விசாரிப்பார், இரு தரப்பும் வர வேண்டும். இன்னொன்று, மழை பிடித்துக்கொண்டது. ஞானவடிவு காலையும் மாலையும் ஓடைக்கரைக்குப் போய் நின்று பார்த்தாள். தண்ணீர் மேடு வரைக்கும் ஏறியிருந்தது. அம்மாவின் தலைமாட்டில் நட்டிருந்த மரச்சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் மறுபடி சாய்ந்திருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை.

இன்றைக்குமா போக வேண்டும் என்று கேட்டாள். நாளைக்கு அவருக்கு எதிராக நின்று பேசப் போகிறேன், இன்றைக்குப் போய்த் தண்ணீர் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்றாள். தாகம் இல்லையா என்று கேட்டாள் சுகிர்தா. ஞானவடிவு குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆசிரமத்துக்குத் திரும்பி வந்தாள். ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. குடை கையில் மடக்கியபடியே இருந்தது. முழுக்க நனைந்திருந்தாள். சுகிர்தா ஜெப அறையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டேன்" என்றாள் ஞானவடிவு. தரையில் உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். தெருவில் மழைக்கு ஒருவரும் இல்லை. மருமகள் பிள்ளைகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் மூப்பர்தான். சட்டை போடாமல், தோளில் துண்டோடு நின்றார். ஐந்து வாரத்தில் அந்த வாசலில் அவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்ன வேணும் என்று கேட்டார், தெரிந்துகொண்டே. தண்ணீர் என்றாள். அவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. அவள் போய்விடலாம் என்று திரும்பியபோது வந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர். விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருந்தது. கையிலேயே கொடுத்தார்.

அவள் குடித்தாள். மழைக்குத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. குடித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். உங்க அம்மைக்கு நல்ல குரல், அவ போனப்புறம் பாட்டுல கீழ்க்குரல் எடுக்க ஆளில்ல என்றார்.

அப்போது அவள் கேட்டுவிட்டாள், ஏன் பூட்டுனீங்க என்று. அவர் கோபப்படவில்லை. சாவி என்கிட்ட இருந்தது என்றார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, நான் பூட்டலேன்னா சாவிய என்கிட்டருந்து வாங்கிருப்பாங்க என்றார்.

"குடுத்திருக்கலாமே, அண்ணாச்சி" என்றாள் அவள். அண்ணாச்சி என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தெருவில் யாரும் அவரை ஐயா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். அப்புறம் சொன்னார், நீ வந்ததையும் குடிச்சதையும் வெளிய சொல்லிராத, எனக்கு இந்தத் தெருவுல இருக்கணும் என்றார். அவள் படி இறங்கினாள். பின்னால் குரல் வந்தது.

"தண்ணி குடிச்ச வீடு இது. நாளைக்கு எனக்கு எதிரா பேசுவியா?"

இதைச் சொன்னபோது ஞானவடிவு அழவில்லை. வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரு முனையில திரும்பிப் பாத்தேன், அக்கா. டம்ளரக் கையில வச்சுக்கிட்டு மழையில நிக்காரு. உள்ள கொண்டுபோகவும் முடியல அவருக்கு, வெளிய வைக்கவும் முடியல. அப்படியே நிக்காரு."

"ம்."

"ஆறு மாசமா இருந்த கோவத்தக் காணல. தேடிப் பாக்கேன், இல்ல. பாவமா இருக்கு. ஒரு மனுஷனப் பாவம் பாத்துக்கிட்டே அவருக்கு எதிரா எப்படிச் சாட்சி சொல்ல?"

"கோவப்பட்டுக்கிட்டே எப்படிச் சொல்லலாம்னு இருந்தீங்க?"

ஞானவடிவு நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குள் இருந்த வாதக்காரி எழுந்துவிட்டாள். நீங்கள்தான் என்னை இப்படி மாட்டிவிட்டீர்கள் என்றாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் உப்பிட்ட வீடு மாதிரிதான், எங்கள் அம்மா அப்படித்தான் வளர்த்தாள் என்றாள். போகாமலே இருந்திருந்தால் நாளைக்கு நிமிர்ந்து நின்று பேசியிருப்பேன், இப்போது பேசினால் துரோகி, பேசாவிட்டால் அம்மாவுக்குத் துரோகி என்றாள். நேசி என்று சொன்னவருக்கு இது தெரியாதா என்றும் கேட்டுவிட்டாள்.

சுகிர்தா நிரம்பிய வாளியை எடுத்து வாசலில் ஊற்றிவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"தண்ணி கேக்கத்தான போனீங்க. வாய விக்கவா போனீங்க?"

"இல்ல."

"அவரு தண்ணிய வித்தாரா?"

ஞானவடிவு யோசித்தாள். "வெல கேட்டுப் பாத்தாரு."

"பயந்த மனுஷன் கேப்பாரு. கேக்கட்டும்."

வெளியே மழை இன்னும் வலுத்தது. ஞானவடிவு எழுந்து வாசல்வரை போய் ஓடைப் பக்கம் பார்த்தாள். இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"இன்னொரு வழியும் இருக்கு" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "நாளைக்கு எல்லாரு முன்னாலயும் தண்ணிக் கதையச் சொல்லிருவேன். அவரு டம்ளர்ல, அவரு கையால குடுத்தாருன்னு. நல்லதத்தான சொல்லப் போறேன். பொய் இல்ல. அது ஒண்ணு போதும். மேலத்தெருவே அவரக் கிழிச்சிரும். நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்."

சொல்லி முடித்ததும் தன் வார்த்தைகளைத் தானே கேட்டவள் போல நின்றாள்.

சுகிர்தா அவளைப் பார்த்தாள்.

"இதுவும் அந்த ஜெபம் மாதிரிதான், இல்லையா அக்கா" என்றாள் ஞானவடிவு.

அவள் ஈரப் புடவையின் முந்தானையைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் சொட்டியது.

"சரி, நீங்களே சொல்லுங்க. நாளைக்குக் கதவு முன்னால நிப்பேன். அவரும் நிப்பாரு. என்ன நடந்ததுன்னு அதிகாரி கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

"கதவப் பூட்டுனது யாரு?"

"மாசிலாமணி மூப்பர்."

"அதச் சொல்லுங்க. குரல் நடுங்கினாலும் பரவால்ல. பாதியில நிறுத்தாதீங்க. கதவு திறக்கணும்னு கேளுங்க. அம்மைய உள்ள வைக்கணும்னு கேளுங்க."

"தண்ணி?"

"அது அவரு சொல்ல வேண்டியது."

ஞானவடிவு சிரித்துவிட்டாள். கசந்த சிரிப்பு.

"அவரா? பூட்டுனத ஊரறியப் பூட்டுனாரு. தண்ணியத் தெருவுல ஆளில்லாத நேரம் பாத்துக் குடுத்தாரு. நாளைக்கு என் முகத்தக்கூடப் பாக்க மாட்டாரு. அவரு சொல்ல மாட்டாரு, அக்கா."

சுகிர்தா வாளியைக் கொஞ்சம் நகர்த்தி, சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தாள்.

"சொல்லலேன்னா, அடுத்த வெள்ளிக்கிழமையும் உங்களுக்குத் தாகம் எடுக்கும்" என்றாள்.